கோலம் நோட்டும் கால்குலேட்டர் புரோகிராமும்

மார்கழி வந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகள் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். ஆண்டாள் பிறந்த ஊர் அல்லவா? கோவிலில் திருப்பாவை ஒலிக்கும். வாசல்தோறும் பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார்கள்.

முதல் நாள் மாலையிலேயே கோலம் நோட்டு வீடு மாறிப் போகும்.

"அக்கா, அந்தத் தாமரைக் கோலத்துக்கு எத்தனை புள்ளி?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்பாள்.

"ஏழு புள்ளி. நாலு வரைக்கும் இடுக்குப் புள்ளி" என்று பதில் வரும்.

அவள் எழுதிக்கொண்டு போவாள். மறுநாள் அவள் வாசலிலும் தாமரை பூக்கும். அதற்கு அடுத்த நாள் அவளுடைய நாத்தனார் வீட்டில், ராஜபாளையத்தில் பூக்கும். கொடுத்த அக்காவின் நோட்டில் ஒரு புள்ளியாவது குறைந்ததா? இல்லை. இதற்குக் காசு கேட்டவர் உண்டா? அதுவும் இல்லை.

இந்தப் பழக்கத்தைக் கண்டு பெரிய படிப்புப் படித்தவர்களே வியந்திருக்கிறார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய சென்னை அறிஞர்கள், கோலங்களை ஆராய்ந்து 1974-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு எழுதும் விதிகளைப்போலவே கோலத்துக்கும் விதிகள் எழுதலாம் என்று அதில் காட்டினார்கள்.

உண்மைதான். "ஏழு புள்ளி, நாலு வரைக்கும் இடுக்குப் புள்ளி" என்பது என்ன? நடுவரிசையில் 7 புள்ளி வை. மேலே போகப் போக ஒவ்வொன்றாகக் குறை. 4 வந்ததும் நிறுத்து. கீழேயும் அப்படியே செய். மொத்தம் 37 புள்ளி. இப்படி 'இதைச் செய், பிறகு இதைச் செய், இந்த இடத்தில் நிறுத்து' என்று வரிசையாக எழுதி வைப்பதற்குத்தான் 'புரோகிராம்' என்று பெயர். தமிழில் 'நிரல்' என்கிறார்கள். கோலம் நோட்டு வைத்திருக்கும் ஒவ்வொரு தாயும் ஒரு புரோகிராம் நூலகம் வைத்திருக்கிறாள்!

கைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

அதே 1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு புதுமை நடந்தது. ஹ்யூலட்-பேக்கார்டு என்ற நிறுவனம் 'எச்.பி. 65' என்ற கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 795 டாலர். அன்றைய நம் நாட்டுப் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல்!

ஏன் அவ்வளவு விலை? கூட்டல் கழித்தல் செய்வதோடு அது நிற்கவில்லை. 100 படிகள் கொண்ட ஒரு வேலைக் குறிப்பை அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். அந்தக் குறிப்பைச் சிறிய காந்த அட்டை ஒன்றில் பதிந்துகொள்ளலாம். அட்டையைச் சொருகினால் போதும். முன்பு சொன்ன வேலையை மறுபடியும் அப்படியே செய்யும். 1975-ல் அமெரிக்க விண்கலமும் ரஷ்ய விண்கலமும் வானில் சந்தித்தபோது, அமெரிக்க வீரர்கள் இந்தக் கால்குலேட்டரைக் கூடவே கொண்டு போனார்கள்.

வாங்கியவர்களில் பலர் பொறியாளர்கள், ஆசிரியர்கள், நில அளவை செய்பவர்கள். ஒருவர் எழுதிய குறிப்பு இன்னொருவருக்குத் தேவைப்பட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா? 1974 ஜூனில் கலிபோர்னியாவில் ரிச்சர்டு நெல்சன் என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். சிறிய செய்தி மடல் ஒன்றும் போட்டார். உறுப்பினர்கள் தாங்கள் எழுதிய புரோகிராம்களை அதில் வெளியிட்டார்கள். படித்தவர்கள் தங்கள் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார்கள். பிழை இருந்தால் திருத்தி எழுதினார்கள். கோலம் நோட்டு கடல் கடந்து போனதுபோல இருந்தது!

பிறகு 1979-ல் 'எச்.பி. 41' என்ற கால்குலேட்டர் வந்தது. அந்தச் சங்கத்தார் ஒரு காரியம் செய்தார்கள். நல்ல நல்ல புரோகிராம்களாக நூற்றுக்கும் மேல் பொறுக்கி எடுத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். அவற்றையெல்லாம் ஒரே வில்லையில் பதித்துத் தரும்படி அந்த நிறுவனத்திடமே கேட்டு, செய்து வாங்கிக்கொண்டார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதானே? ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேரை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1990-ல் 'எச்.பி. 48' வந்தது. இரண்டு கால்குலேட்டர்களை எதிரெதிரே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளி மூலம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புரோகிராம் தாவிவிடும். ஜோ ஹார்ன் என்பவர், பலரும் எழுதி விட்ட புரோகிராம்களைத் திரட்டி, தட்டுகளில் பதிந்து, விரும்பியவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். அந்தக் கால்குலேட்டர்கள் தயாராவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவற்றுக்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் இன்னும் வாழ்கின்றன. பூட்டி வைத்திருந்தால் கருவியோடு சேர்ந்து அவையும் மடிந்திருக்கும்.

தவணைக்காரரின் கணக்கு

"சரி, யாரோ அமெரிக்காக்காரர்கள் விளையாடினார்கள். ராஜபாளையத்து மில் தொழிலாளிக்கு இதனால் என்ன லாபம்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

ஒரு குடும்பம் தவணையில் பொருள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் 12,000 ரூபாய். வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்கிறார் தவணைக்காரர். வட்டி 1,440 ரூபாய். மொத்தம் 13,440. இதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 1,120 ரூபாய். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? வீட்டுக்காரரும் கையெழுத்துப் போடுகிறார்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதல் மாதம் 1,120 ரூபாய் கட்டியவுடனேயே கடன் குறைந்துவிடுகிறது. ஆறாவது மாதம் பாதிக்கடன் தீர்ந்துவிட்டது. கடைசி மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம்தான் பாக்கி. வட்டி மட்டும் ஆரம்பம் முதல் முடிவு வரை முழு 12,000 ரூபாய்க்கும் வாங்கப்படுகிறது! உள்ளபடியே கணக்குப் பார்த்தால் வட்டி 12 சதவீதம் அல்ல. ஏறக்குறைய இருபத்தொன்றரை சதவீதம்!

இந்த உண்மையான வட்டியைக் காகிதத்தில் போட்டுக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு வட்டியை உத்தேசமாக வைத்துப் பார்க்க வேண்டும். சரி வராவிட்டால் கொஞ்சம் கூட்ட வேண்டும். மீண்டும் பார்க்க வேண்டும். மனிதனுக்குச் சலித்துவிடும். புரோகிராமுக்குச் சலிக்காது. கடன், தவணை, மாதம் ஆகிய மூன்றையும் கொடுத்தால் விடையைச் சொல்லிவிடும். கால்குலேட்டர் பிரியர்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொண்டவற்றில் இப்படிப்பட்ட கடன் கணக்குப் புரோகிராம்களும் உண்டு.

கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் இதை எழுதிவிடலாம். அதைத் தன் செல்போனிலேயே வைத்துக்கொண்டால் ஒரு வீடு பிழைக்கும். தெருவுக்குக் கொடுத்தால் தெருவே பிழைக்கும். கையெழுத்துப் போடுமுன் ஒரு நிமிடம் கணக்குப் பார்க்கத் தெரிந்த குடும்பத்தை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

எது பொதுச்சொத்து? எது இல்லை?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணில் பட்ட புரோகிராமையெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பது தருமம் ஆகாது. புரோகிராம்களில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, பொதுச்சொத்து. எழுதியவரே "இது எல்லோருக்கும் உரியது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டது. கோலத்தைப்போல. ஊருணித் தண்ணீரைப்போல.

இரண்டாவது வகை, 'ஷேர்வேர்'. இதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்வது மிகவும் சுலபம். பால்கோவா கடையில் "ருசி பாருங்கள்" என்று ஒரு துண்டைக் கையில் வைப்பார்கள். பிடித்தால் அரைக்கிலோ கட்டச் சொல்லுவோம். பிடிக்காவிட்டால் நடையைக் கட்டுவோம். அதுதான் ஷேர்வேர். எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம். நண்பருக்கும் கொடுக்கலாம். பயன்பட்டால் எழுதியவருக்கு அவர் கேட்கும் சிறு தொகையை அனுப்ப வேண்டும்.

1982-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃபுளூகல்மேன், ஜிம் நாஃப் என்ற இருவர் இந்த வழியைத் தொடங்கி வைத்தார்கள். நாஃப் தன் புரோகிராமை நண்பர்களுக்குக் கொடுத்தார். "பயன்பட்டால் 10 டாலர் அனுப்புங்கள்" என்று ஒரு குறிப்பும் வைத்தார். வற்புறுத்தவில்லை. பூட்டுப் போடவில்லை. ஆனால் கடிதங்களும் பணமும் வந்து குவிந்தன. கடைசியில் அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, இதையே தொழிலாகக் கொண்டார்! மனிதரை நம்பினால் மனிதர் கைவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு சாட்சி.

மூன்றாவது வகை, விலைக்கு மட்டும் விற்பது. இதில் தவறு எதுவும் இல்லை. ராஜபாளையத்தில் 1936-ல் பஞ்சாலை தொடங்கிய குடும்பத்தின் தொழில்களில் ஒன்றாகத்தான் பின்னாளில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற சாப்ட்வேர் நிறுவனமும் தோன்றியது. அது உலக நாடுகளுக்கு சாப்ட்வேர் விற்கிறது. எத்தனையோ இளைஞர்கள் அந்தத் தொழிலில் சம்பளம் வாங்குகிறார்கள். விற்பனைப் பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுத்தால், அது அவர்கள் சோற்றில் கை வைப்பதாகும். இந்தியாவின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இன்று கம்ப்யூட்டர் புரோகிராமையும் ஓர் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவதும் அந்தச் சட்டப்படி குற்றம்.

சிலர் "ஏழைப் பிள்ளை, திருட்டு நகல் எடுத்தால்தான் என்ன?" என்பார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் திருட வேண்டிய அவசியமே இல்லை! நேர்மையாகக் கிடைப்பதே ஏராளமாக இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்லாததுதான் குறை.

பிளஸ் 2 கணினி அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் 'பைதான்' படிக்கிறார்கள். அது 1991-ல் கைடோ வான் ராசம் என்ற நெதர்லாந்துக்காரர் வெளியிட்டது. இன்றுவரை ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 1988-ல் வந்த 'எச்.பி. 42 எஸ்' என்ற அருமையான கால்குலேட்டரை அப்படியே செல்போனில் நடித்துக் காட்டும் 'ஃபிரீ 42' என்ற புரோகிராமை, தாமஸ் ஓக்கன் என்பவர் எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். அன்று பணக்காரர் கையில் மட்டும் இருந்தது, இன்று சாதாரண செல்போனில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கொடுத்துப் பழகிய மண்

பொதுவில் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதா என்ன?

பாரதியார் 1921-ல் மறைந்தார். அவருடைய பாட்டுகளை அச்சிட ஒருவரிடம் உரிமை, இசைத்தட்டாக்க இன்னொருவரிடம் உரிமை என்று இருந்தது. மக்கள் கேட்டார்கள், "மக்கள் கவியின் பாட்டு மக்களுக்கு வேண்டாமா?" என்று. இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் பணம் எதுவும் வாங்காமல் அதை விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பிறகு அவை எல்லோருக்கும் பொதுவாயின. அதனால்தான் இன்று மலிவு விலையில் பாரதி புத்தகம் கிடைக்கிறது.

அதே 1949-ல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் ஆனவர் யார்? ராஜபாளையத்துப் பி.எஸ். குமாரசாமி ராஜா! 1952 வரை அந்தப் பதவியில் இருந்தார். பதவி வரும், போகும். அவர் பெயர் சொல்ல இன்றும் நிற்பது வேறொன்று. ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். இசையும் கலையும் வளர வேண்டும் என்பது அவர் ஆசை.

வீட்டைக் கொடுத்தால், கொடுத்தவருக்கு வீடு இல்லை. அப்படியும் அவர் கொடுத்தார். புரோகிராமைக் கொடுத்தால், கொடுத்தவரிடமும் அது இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும். இதைக் கொடுக்க எதற்குத் தயக்கம்?

1998-ம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்ற பணி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று வைத்தார்கள். அவர்களில் ஒருவரையாவது இதனால் ஏழையாகிவிட்டார் என்று சொல்ல முடியுமா?

இலவசம் என்றால் எச்சரிக்கை

ஒரு சந்தேகம் எழலாம். "செல்போனில் இலவசம் என்று வருவதையெல்லாம் நம்பலாமா?"

கூடாது! தூண்டிலில் இருக்கும் புழுவும் மீனுக்கு இலவசம்தான். சாதாரணக் கால்குலேட்டர் புரோகிராம் எதற்காக உங்கள் போட்டோக்களையும் போன் நம்பர்களையும் கேட்க வேண்டும்? கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எழுதியவர் பெயர் இல்லாதது, எங்கிருந்து வந்தது என்று தெரியாதது, பூட்டை உடைத்து வந்தது ஆகியவற்றை வீட்டுக்குள் சேர்க்கக்கூடாது.

இதற்கு மருந்தும் கால்குலேட்டர் சங்கத்தாரிடமே இருக்கிறது. அவர்கள் புரோகிராமை மூடிய பொட்டலமாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டினார்கள். யார் எழுதியது என்று பெயர் போட்டார்கள். எப்படி நடத்துவது என்று குறிப்பு வைத்தார்கள். சரிபார்க்க ஓர் உதாரணக் கணக்கும் விடையும் தந்தார்கள். கேட்பவர் கண்ணால் பார்த்து, கையால் சோதித்து, பிறகு நம்பினார்.

கொடுப்பவர்களுக்கு இதிலிருந்து நான்கு விதிகள் கிடைக்கின்றன:

எழுதியவர் பெயரை அழிக்காதீர்கள்.

கூட இருக்கும் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.

திருத்தினால், "இன்ன இடத்தில் திருத்தியிருக்கிறது" என்று சொல்லுங்கள்.

ஷேர்வேர் என்றால், பயன்பட்டதும் பணத்தை அனுப்புங்கள்.

கடைசி விதியைத்தான் பலர் மறந்துபோகிறார்கள். தினமும் ருசி பார்த்துவிட்டு ஒரு நாளும் பால்கோவா வாங்காதவரைக் கடைக்காரர் என்ன நினைப்பார்?

நூலகத்தில் ஒரு பெட்டி

சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை ராஜ்யம். அது 1948-ல். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்கள் மக்கள். அந்தப் பணத்தில்தான் ஊர்தோறும் நூலகம் நடக்கிறது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள நூலகங்களில் ஒரு சிறிய ஏற்பாடு செய்யலாம். பொதுச்சொத்தான புரோகிராம்கள், எழுதியவர் அனுமதி கொடுத்த புரோகிராம்கள், இவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பென் டிரைவில் வைக்கலாம். கூடவே தமிழில் ஒரு நோட்டு. எந்தப் புரோகிராம் என்ன செய்யும், எப்படி நடத்துவது, யார் எழுதியது, பணம் கேட்கிறாரா, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தவணை வட்டிக் கணக்கு ஒன்று. நகைக்கடனுக்கு ஒன்று. நிலத்தின் அளவைச் சென்ட், ஏக்கர் என்று மாற்ற ஒன்று. நெசவுக்கு நூல் கணக்கு ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமன்பாடு ஒன்று.

பெரிய செலவா? ஒரு பென் டிரைவும் ஒரு நோட்டும்தான். கல்லூரி மாணவர்கள் எழுதித் தரட்டும். கணக்கு ஆசிரியர்கள் சோதித்துத் தரட்டும். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர் தூரம்தான். ஓர் ஊர் நோட்டை இன்னோர் ஊர் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை போனை எடுத்தாலே "விளையாட்டா?" என்று அதட்டுகிறோம். ஒரு நாளாவது, "தம்பி, இந்தச் சீட்டுக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதித் தருவாயா?" என்று கேட்டுப் பார்க்கலாம். எழுதித் தந்தால், "அடுத்த வீட்டு அத்தைக்கும் கொடுத்துவிட்டு வா" என்று அனுப்பலாம். அந்தப் பிள்ளை அன்று கணக்கும் கற்றுக்கொள்வான், குணமும் கற்றுக்கொள்வான்.

வரும் மார்கழியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோலம் நோட்டு கை மாறும். "எத்தனை புள்ளி, அக்கா?" என்ற குரல் கேட்கும். பதில் சொல்ல எந்த அக்காவும் யோசிக்கப் போவதில்லை. அந்த நோட்டின் பக்கத்தில் பிள்ளையின் புரோகிராம் நோட்டும் சேர்ந்து கை மாறட்டும்!